உண்ணிக் காய்ச்சல்: டாக்டரிடம் நாயைப் பற்றியும் சொல்லுங்கள்

நாட்டு நாய்களில் பெயர்பெற்ற இரண்டு இனங்கள், ராஜபாளையமும் சிப்பிப்பாறையும், விருதுநகர் மாவட்டத்து ஊர்களின் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன. 2005இல் அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது ராஜபாளையம் அதில் இடம்பெற்றது. தோட்டக் காவலுக்கு, வேட்டைக்கு, வீட்டுக்குப் பெருமையாக என்று இந்தப் பக்கத்தில் நாய் குடும்பத்தோடு வளர்கிறது. கரிசல் காட்டில் வெள்ளாடு மேய்கிறது, அறுவடை முடிந்த நிலத்தில் செம்மறிக் கிடை போடுகிறார்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு விடிவதற்கு முன்பே பால் கறக்கிறார்கள். பட்டாசு ஆலைக்கு வேனில் போய்வரும் பெண்களின் வீட்டிலும் பெரும்பாலும் இரண்டு ஆடாவது கட்டியிருக்கும்.

விலங்கு இருக்கும் இடத்தில் உண்ணியும் இருக்கும். அது ரத்தம் குடித்துவிட்டுப் போவதோடு நின்றால் கவலையில்லை. சில வகை பாக்டீரியாக்களை நாயிடமிருந்து நாய்க்கும், மாட்டிலிருந்து மாட்டுக்கும், சில நேரம் மனிதருக்கும் அது கொண்டு சேர்க்கிறது. மனிதருக்கு வரும் அந்தக் காய்ச்சலை நேரத்தோடு கண்டுபிடித்தால் சில ரூபாய் மாத்திரையில் குணமாகிவிடும். தவறவிட்டால் ஐ.சி.யு. வரை கொண்டுபோகும். 'வீட்டில் நாய் இருக்கிறதா? ஆடு மேய்க்கப் போவீர்களா?' என்று காய்ச்சலோடு வருகிறவரிடம் கேட்க ஆகும் நேரம் அரை நிமிடம். அந்தக் கேள்வி எல்லா மருத்துவமனைகளிலும் கேட்கப்பட வேண்டும், கேட்காவிட்டால் நோயாளியே சொல்லிவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாயின் காது மடலைத் திருப்பிப் பார்த்தாலோ கால் விரல் இடுக்கைப் பிரித்தாலோ உண்ணி தென்படும். பசியோடு இருக்கும்போது தட்டையாக, பழுப்பு நிறத்தில், எள்ளைவிடச் சற்றே பெரிதாக இருக்கும். வயிறு முட்டக் குடித்த பெண் உண்ணி ஆமணக்கு விதை போலச் சாம்பல் நிறத்தில் ஊதிக்கிடக்கும். பூச்சிக்கு ஆறு கால், வளர்ந்த உண்ணிக்கு எட்டு. அது சிலந்தியின் உறவு. முன்னங்கால் நுனியில் உள்ள நுட்பமான ஓர் உறுப்பால் மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் வாடையையும் மோப்பம் பிடிக்கிறது. தோலைக் கிழித்து, பின்னோக்கி வளைந்த முட்கள் கொண்ட வாய்க்குழலை உள்ளே இறக்குகிறது. பிறகு பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து தன்னை அங்கேயே ஒட்டவைத்துக்கொள்கிறது. எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருளும் வலியை மழுங்கடிக்கும் பொருளும் இருப்பதால் கடி வாங்கியவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. நாள் கணக்கில் ஒட்டிக்கிடந்து குடிக்கும். பாக்டீரியா உடம்புக்குள் இறங்குவதும் இந்த எச்சில் வழியாகத்தான். ஆனால் கடித்த மறுநிமிடமே இறங்கிவிடாது, பெரும்பாலும் சில மணி நேரமாவது ஆகும். உண்ணியைச் சீக்கிரம் பிடுங்கிவிட வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

இங்கே நாயிடம் அதிகம் காண்பது பழுப்பு நாய் உண்ணி. காட்டில் மட்டுமல்ல, வீட்டுக்குள்ளும் குடித்தனம் நடத்தக்கூடியது. குஞ்சாக ஒரு முறை, நடுப்பருவத்தில் ஒரு முறை, வளர்ந்தபின் ஒரு முறை என மூன்று தடவை ரத்தம் குடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் குடித்து முடித்ததும் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலோ கட்டில் சட்டத்திலோ கூரை இடுக்கிலோ போய் ஒளிந்துகொள்கிறது. பெண் உண்ணி அந்த இடுக்கிலேயே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். உணவே இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதனால் முடியும். நாயைக் குளிப்பாட்டிவிட்டால் உண்ணி தீர்ந்தது என்று நினைப்பது இதனால்தான் பலிப்பதில்லை. பாதிக் கூட்டம் சுவரில் இருக்கிறது.

மழை குறைவு, வெயில் அதிகம் என்பதால் பட்டாசுத் தொழில் சிவகாசியில் வேரூன்றியது. அந்த வறட்சியும் வெயிலும் பழுப்பு நாய் உண்ணிக்கு ஒரு தடையே இல்லை. 2007இல் தெற்கு பிரான்சில் ஏப்ரல் மாதம் வழக்கத்துக்கு மாறாகக் கொளுத்தியபோது, இந்த உண்ணி கடித்து மனிதர்களுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. மார்செய் நகர ஆய்வாளர்கள் பின்னர் சோதித்துப் பார்த்தார்கள். சூடு கூடக்கூட, நாயை விரும்பும் இந்த உண்ணி மனிதரைக் கடிக்கவும் அதிகமாகத் துணிகிறது என்று தெரிந்தது. சித்திரை வெயிலில் வேகும் ஊர்க்காரர்கள் கவனத்தில் வைக்க வேண்டிய செய்தி இது.

ரத்தக் குழாயின் உள்சுவரில்

உண்ணி மனிதருக்குத் தரும் பாக்டீரியாக்களில் நமக்கு முக்கியமானது ரிக்கெட்சியா. 1906இல் அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில், அங்கே பரவிய புள்ளிக் காய்ச்சலை உண்ணிதான் பரப்புகிறது என்று கினிப் பன்றிகளை வைத்து நிரூபித்த ஹோவர்ட் ரிக்கெட்ஸின் பெயர் இதற்கு வைக்கப்பட்டது. அவர் 1910இல் மெக்சிகோவில் டைபஸ் காய்ச்சலை ஆராயப் போன இடத்தில் அதே காய்ச்சல் கண்டு இறந்தார். இந்தியாவில் 1921இலேயே, உண்ணி பரப்பக்கூடிய டைபஸ் போன்ற ஒரு காய்ச்சல் இங்கே இருக்கிறது என்று மெகா என்ற மருத்துவர் இந்திய மருத்துவ இதழில் எழுதினார். நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம்மிடையே இருந்துவரும் நோய்க்குப் புதிதாக வந்த மர்மக் காய்ச்சல் என்று பெயர் சூட்டுவது சரியல்ல.

ரிக்கெட்சியா மற்ற பாக்டீரியா மாதிரி ரத்தத்தில் சும்மா மிதப்பதில்லை. உயிருள்ள செல்லுக்குள் புகுந்துதான் அதனால் பெருக முடியும். அது தேர்ந்தெடுக்கும் இடம் ரத்தக் குழாயின் உள்சுவர். சுவர் பழுதானால் குழாய் கசியும். தோலில் கசிந்தால் சிவப்புப் புள்ளி. நுரையீரலில் கசிந்தால் மூச்சுத் திணறல். மூளையில் என்றால் குழப்பம், வலிப்பு. மிக முற்றினால் விரல் நுனியும் காது நுனியும் கறுத்து அழுகுவதும் உண்டு. இத்தனைக்கும் தொடக்கத்தில் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி தவிர வேறொன்றும் இருக்காது. மூன்று நாள் கழித்து ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருக்கும், உடனே டெங்கு என்று தோன்றும். டெங்கு முடிவு 'இல்லை' என்று வந்தபிறகும் காய்ச்சல் இறங்காமல் இருந்தால்தான் யோசனை வேறு பக்கம் திரும்புகிறது. அதற்குள் ஒரு வாரம் ஓடியிருக்கும்.

சாதாரணமாக ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பினாலும் இது வளராது. உயிருள்ள செல் இல்லாத ஊடகத்தில் அதற்கு வாழ்வில்லை. கடுமையான காய்ச்சலுக்கு மருத்துவமனைகளில் வழக்கமாக ஏற்றும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஊசிகளும் இதன்மேல் வேலை செய்வதில்லை. பெரிய ஊசியாகப் போட்டும் கேட்கவில்லையே என்று குடும்பம் கலங்கும்போது, கேட்கக்கூடிய மருந்து தெருமுனை மெடிக்கலில் அட்டை அட்டையாக இருக்கிறது. அதன் பெயர் டாக்ஸிசைக்ளின். அதை மருத்துவர் எழுதித் தர வேண்டும், தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. ஆனால் அவருக்கு அந்தச் சந்தேகம் வர வேண்டும், அதற்கு நோயாளி தரும் தகவல் வேண்டும்.

வேலூரில் கண்டது

தமிழகத்தில் இந்த நோய்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நீண்டகாலமாக முன்னணியில் இருப்பது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 2001இல் எலிசபெத் மத்தாய் குழுவினர், தமிழ்நாட்டில் புள்ளிக் காய்ச்சல் வகையும் டைபஸ் வகையும் பரவலாக இருப்பதற்கான ரத்தச் சான்றுகளை வெளியிட்டார்கள். 2006இல் இன்னும் வியப்பான ஒன்று வெளிவந்தது. காய்ச்சலும் செந்தடிப்புமாக இருந்த ஒரு வயது ஆண் குழந்தையின் தோலிலிருந்து எடுத்த சிறு துண்டை மார்செய் ஆய்வகத்தோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். உலகில் அதுவரை யாரும் பதிவு செய்யாத ஒரு ரிக்கெட்சியா அதில் இருந்தது. 'ரிக்கெட்சியா கெல்லி' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 2012இல் ஜான் அந்தோணி ஜூட் பிரகாஷ் குழுவினர், காய்ச்சலும் தடிப்பும் கொண்ட நோயாளிகளின் தோல் துண்டுகளில் பி.சி.ஆர். செய்து, புள்ளிக் காய்ச்சல் வகை ரிக்கெட்சியாக்களை மரபணு அளவில் உறுதிப்படுத்தினார்கள். ஊகமாக இருந்தது கையில் பிடித்துக் காட்டும் சான்றாக மாறியது இந்த ஆய்வுகளால்தான்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ். அதைப் பரப்புவது நாய் உண்ணி அல்ல. புதரிலும் எலி வளைப் பக்கத்திலும் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு செந்நிறச் சிற்றுண்ணியின் குஞ்சு. பாக்டீரியாவும் வேறு, ரிக்கெட்சியாவின் ஒன்றுவிட்ட உறவு. ஆனால் தொடக்க அறிகுறி, ரத்தப் பரிசோதனையில் தெரிவது, கேட்கும் மருந்து எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் மருத்துவருக்கு இரண்டும் ஒரே சந்தேகப் பட்டியலில் வர வேண்டியவை. தமிழகத்தில் அளவில் பெரியது ஸ்க்ரப் டைபஸ். வேலூர்க் குழுவும் லண்டன் ஆய்வாளர்களும் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து 2025இல் வெளியிட்ட ஆய்வு, கிராம மக்களில் பத்து சதவீதம் பேர் வரை ஆண்டுதோறும் இந்தத் தொற்றுக்கு ஆளாகலாம் என்று காட்டியது. பெரும்பாலோருக்குத் தொற்று வந்ததே தெரியாது, சிறு பகுதியினருக்குக் காய்ச்சல் வரும், அதில் சிலருக்கு உயிர்மேல் வரும்.

கடுமையாகிவிட்டவர்களுக்கு எந்த மருந்து என்ற கேள்விக்கும் விடை இங்கிருந்துதான் கிடைத்தது. வேலூர் மருத்துவர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் ஏழு மருத்துவமனைகளில் 794 நோயாளிகளிடம் நடத்திய சோதனை 2023இல் வெளியானது. டாக்ஸிசைக்ளின் மட்டும், அஸித்ரோமைசின் மட்டும் என்று ஏற்றியதைவிட, இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றியது நன்றாக வேலை செய்தது. இறப்பு, தீராத காய்ச்சல், ஏழாம் நாளிலும் நீடிக்கும் சிக்கல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், தனி மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ 47 சதவீதம் பேருக்கு அப்படி ஏதோவொன்று நேர்ந்தது, சேர்த்துப் பெற்றவர்களில் 33 சதவீதம். உலகம் முழுக்க மருத்துவர்கள் இன்று எடுத்துக்காட்டும் ஆய்வு இது.

பட்டாசுப் பகுதியில் மட்டும் உள்ள ஒரு சிக்கல்

ஸ்க்ரப் டைபஸில் கடித்த இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு விழும். சுற்றிலும் சிவந்து, நடுவில் காய்ந்து கறுத்து, வலியோ அரிப்போ இல்லாமல் இருக்கும். மருத்துவப் புத்தகங்கள் அதைச் சிகரெட்டால் சுட்ட புண் மாதிரி என்று வருணிக்கின்றன. வேறு ஊரில் உடம்பில் ஒரு சுட்ட புண்ணைப் பார்த்தால் 'இது எப்படி வந்தது' என்று கேள்வி எழும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் அந்தக் கேள்வி எழாமல் போக வாய்ப்பு அதிகம் என்பது என் அச்சம். மருந்து செலுத்துகிறவர், திரி வைக்கிறவர், மத்தாப்புக் கம்பி முக்குகிறவர் உடம்பில் சின்னச் சின்னத் தீக்காயத் தழும்பு இருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதோடு இந்தப் பொருக்கு கையில் காலில் விழுவதைவிட, அக்குளில், மார்புக்குக் கீழே, பாவாடை நாடா இறுக்கும் இடுப்பில், தொடை இடுக்கில் விழுவதே வழக்கம். கூச்சப்பட்டுக் காட்டாமல் விட்டாலும், பார்க்காமல் விட்டாலும் தடயம் போய்விடும். பெண் மருத்துவரோ செவிலியரோ தனியறையில் ஒரு தடவை பார்ப்பது பெரிய ஸ்கேனைவிடப் பயன்படும்.

நாய் உண்ணி தரும் புள்ளிக் காய்ச்சலில் சிக்கல் வேறு மாதிரி. இந்திய நோயாளிகளிடம் பொருக்கு அபூர்வம், புள்ளிகள்தான் அடையாளம். அதிலும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புள்ளி வருவது இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் குறி. கறுத்த மேனியில் முதுகு, வயிற்றுச் சிவப்பு எளிதில் தெரியாதபோது உள்ளங்கையைப் பார்த்தாலே போதும். ஆனால் நாளெல்லாம் அலுமினியப் பவுடரில் புழங்கிய கை வெள்ளிப் பூச்சுப் பூசினாற்போல் மின்னும். ரேகைக்குள் ஏறியது சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. அந்தக் கையில் புள்ளியைத் தேட வேண்டுமென்றால் நன்றாகத் தேய்த்துக் கழுவச் சொல்லி, வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளங்காலையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக்கிடக்கும். வடகிழக்குப் பருவமழையில் கரிசல் பச்சை பிடித்து, ஓடை ஓரமெல்லாம் புதர் மண்டும் நேரமும் அதுவே. ஆலை வேலை இல்லாத நாளில் ஆட்டைப் பற்றிக்கொண்டு காட்டுக்கும், வேலிக்கருவை விறகுக்கும் போகிறார்கள். தமிழகத்தில் இந்த வகைக் காய்ச்சல்கள் கூடுவதும் மழைக்குப் பின் வரும் குளிர் மாதங்களில்தான். ஐப்பசியிலிருந்து மாசி வரை காய்ச்சலோடு வருகிற பட்டாசுத் தொழிலாளியிடம் 'ஆலையில் என்ன வேலை' என்று கேட்பதோடு நிற்காமல் 'போன பத்துப் பதினைந்து நாளில் காட்டுக்குப் போனீங்களாம்மா' என்றும் கேட்க வேண்டும்.

பரிசோதனையைப் பொறுத்தவரை, பல ஊர்களில் இன்றும் கிடைப்பது 1916இல் வந்த வெயில்-ஃபீலிக்ஸ் பரிசோதனைதான். இந்த நோய்களோடு நேரடித் தொடர்பே இல்லாத ஒரு பாக்டீரியாவை நோயாளியின் ரத்தநீரில் கலந்து, திரள்கிறதா என்று பார்க்கும் முறை. விலை குறைவு. ஆனால் நோயிருந்தும் 'இல்லை' என்று சொல்லிவிடுவது அதிகம், முதல் வாரத்தில் நம்பவே முடியாது. எலைசா அதைவிட மேல். எல்லாவற்றையும்விட உறுதியானது பி.சி.ஆர்.; அதற்குக் காய்ந்த கறுப்புப் பொருக்கே அருமையான மாதிரி. பொருக்கை மெல்லப் பெயர்த்துக் குப்பியில் போட்டு அனுப்பினால் போதும், பாக்டீரியாவின் மரபணு அதில் நிறைய இருக்கும். ஆனால் எந்த முடிவுக்காகவும் காத்திருக்கக் கூடாது என்பதுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம். சந்தேகம் வலுவாக இருந்தால் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். டாக்ஸிசைக்ளின் உள்ளே போனால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும், அந்த இறக்கமே ஒரு சான்று. குழந்தைகளுக்குக் கொடுத்தால் பல் கறுக்கும் என்ற பயம் பழைய டெட்ராசைக்ளினிலிருந்து வந்தது. சில நாள் மட்டும் கொடுக்கும் டாக்ஸிசைக்ளினால் அப்படி ஆவதில்லை என்று தெரிந்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின் தருகிறார்கள்.

மாட்டாஸ்பத்திரியில் தெரிவது

இனி விலங்குகள் பக்கம். பழுப்பு நாய் உண்ணி நாய்க்குத் தரும் பெரிய நோய் எர்லிக்கியா என்ற பாக்டீரியாவால் வருவது. 1935இல் அல்ஜீரியாவில் முதலில் அடையாளம் கண்டார்கள். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் மோப்ப நாய்கள் நூற்றுக்கணக்கில் இதற்குப் பலியானபோது உலகம் திரும்பிப் பார்த்தது. நம் ஊரில் நாய் சாப்பிடாமல் சுருண்டு படுக்கும், ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வடியும், வயிற்றுத் தோலில் சிவப்புத் திட்டு தெரியும். சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் நாய்களின் ரத்தத்தில் இதை பி.சி.ஆர். மூலம் காட்டியிருக்கிறார்கள். இதற்கும் மருந்து டாக்ஸிசைக்ளின்தான். நாய்க்கும் மனிதருக்கும் ஒரே மாத்திரை என்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். செல்லுக்குள் புகுந்து வாழும், ஒன்றுக்கொன்று உறவான பாக்டீரியாக்கள் என்பதால் அது இயல்பு.

ரிக்கெட்சியாவுக்கும் எர்லிக்கியாவுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. எர்லிக்கியா தாய் உண்ணியிடமிருந்து முட்டைக்குப் போவதில்லை. ஒவ்வொரு தலைமுறை உண்ணியும் நோயுள்ள நாயைக் கடித்துத்தான் அதை ஏற்றிக்கொள்ள வேண்டும். ரிக்கெட்சியா முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். சுவர் வெடிப்பில் பொரித்து வரும் குஞ்சு, எந்த நாயையும் கடிப்பதற்கு முன்பே பாக்டீரியாவோடு இருக்கலாம். நோயின் சேமிப்புக் கிடங்கு உண்ணிதான். நாய் அதை வீட்டுக்குள் கொண்டுவரும் வழி. நாயைத் துரத்துவதால் பயனில்லை என்று சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

மாட்டுக்கு வருவது அனாபிளாஸ்மா. சிவப்பணுக்களைத் தாக்கி ரத்தசோகை உண்டாக்கும், பால் சட்டென்று வற்றும். கலப்பின மாடுகளை இது அதிகம் வாட்டுகிறது. இது மனிதருக்கு வருவதில்லை.

ஆடு வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது க்யூ காய்ச்சல். காக்ஸியெல்லா என்ற பாக்டீரியாவால் வருவது. 1930களில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களிடம் எட்வர்ட் டெரிக் கண்டறிந்து 1937இல் எழுதினார். கிட்டத்தட்ட அதே காலத்தில் மொண்டானாவில் உண்ணியிலிருந்தும் அது பிரித்தெடுக்கப்பட்டது. விலங்குகளிடையே உண்ணி இதைக் கடத்தினாலும் மனிதருக்கு வருவது பெரும்பாலும் தூசி வழியாக. ஆடு குட்டி போடும்போது வெளிவரும் நீரிலும் நஞ்சுக்கொடியிலும் இந்தப் பாக்டீரியா கோடிக்கணக்கில் இருக்கும். அது காய்ந்து மண்ணோடு கலந்தால் நீண்ட நாள் சாகாமல் கிடக்கும், காற்றடித்தால் பறக்கும். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை ஆட்டுப் பண்ணைகளிலிருந்து கிளம்பி 4,000 பேருக்கு மேல் பாதித்தது. புதுச்சேரியிலும் அதை ஒட்டிய தமிழகப் பகுதிகளிலும் ஆடுகளின் ரத்தத்தில் இதற்கான எதிர்ப்பொருள்கள் இருப்பதை மருத்துவர்களும் கால்நடை ஆய்வாளர்களும் சேர்ந்து காட்டியிருக்கிறார்கள். காற்றில் புழுதி எழும்பும் கரிசல் சீமையில் ஆடு குட்டி போடும்போது வெறுங்கையால் இழுப்பதையும், விழுந்த கொடியைத் தொழுவ ஓரத்தில் வீசிவிடுவதையும் மாற்றிக்கொள்வது நல்லது. கையில் உறை மாட்டி, கொடியை ஆழமாகப் புதைக்க வேண்டும், கர்ப்பிணிகள் அந்த வேலைக்குப் போகக் கூடாது. ஆடுகள் அடுத்தடுத்துக் குட்டி வீசினால் மாட்டாஸ்பத்திரிக்குச் சொல்லிவிடுங்கள். பாலைக் கொதிக்க வைத்துக் குடிப்பவருக்குப் பால் வழியாக இது வராது.

உண்ணியை எடுக்கும் முறையிலும் நம் பக்கத்துப் பழக்கம் ஒன்றை மாற்ற வேண்டும். தீக்குச்சிக்குப் பஞ்சமில்லாத ஊர். ஒட்டிய உண்ணிமேல் கொளுத்திய குச்சியை வைப்பார்கள், இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் விடுவார்கள். சூடு பட்டால் உண்ணி தன் வயிற்றில் இருப்பதைக் கடிவாய் வழியாக உள்ளே கக்கக்கூடும். நகத்தில் வைத்து நசுக்கினாலும் ஆபத்து, விரலில் இருக்கும் சின்ன வெடிப்பு வழியாகப் பாக்டீரியா ஏறும். கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

ஊர் அளவில் இதை அடக்க முடியுமா என்றால், முடிந்த இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பழங்குடி மக்கள் வாழும் வறண்ட பகுதிகளில், 2003 முதல் ரிக்கெட்சியா புள்ளிக் காய்ச்சலால் குழந்தைகள் உட்படப் பலர் இறந்தார்கள். பரப்பியது நம் ஊரில் இருக்கும் அதே பழுப்பு நாய் உண்ணி. 2012இல் ஐந்நூறுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில், ஒரு நாயைக்கூட விடாமல் உண்ணி கொல்லும் கழுத்துப்பட்டை கட்டினார்கள், வீட்டைச் சுற்றி மாதாமாதம் மருந்தடித்தார்கள், இலவசக் கருத்தடையும் செய்தார்கள். நான்கு மாதத்துக்குள் அங்கே நூறு நாயில் ஒன்றிடம்தான் உண்ணி தென்பட்டது. இந்த ஏற்பாடு இல்லாத பக்கத்துக் குடியிருப்பில் நூறுக்கு 64.

நம்மிடம் இதற்கான ஆட்கள் இல்லாமல் இல்லை. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரையில் நோய் பரப்பும் பூச்சிகளையும் உண்ணிகளையும் ஆராயும் மத்திய அரசின் ஆய்வு நிலையம் இருக்கிறது. திருநெல்வேலியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூன்றும் ஒரே நெடுஞ்சாலைத் தடத்தில், சில மணி நேரத் தொலைவில். வெறிநோய்த் தடுப்பூசி முகாமுக்கும் கருத்தடைக்கும் நாய்கள் எப்படியும் பிடிக்கப்படுகின்றன. அதே நேரத்தில் உண்ணி மருந்தும் கொடுத்து, ஒரு சொட்டு ரத்தமும் நாலு உண்ணியும் எடுத்து அனுப்பினால், எந்த ஊர் நாய்களின் ரத்தத்தில் ரிக்கெட்சியாவின் சுவடு கூடுகிறது என்று மனிதருக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே தெரியவரும். அந்தப் பட்டியல் மாதம் ஒரு முறை வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி ஆரம்ப சுகாதார நிலையங்களின் மேசைக்குப் போக வேண்டும். காய்ச்சல் சீட்டில் 'நாய், ஆடு, காடு' என்று மூன்று கட்டம் போட்டு அச்சடிக்க அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அச்சகத்துக்குப் பெயர்போன சிவகாசியில் ஒரு பிற்பகலில் முடிகிற வேலை.